உம்மு ஹானி லாத்தாவும் ஊரார் பொம்மைகளும்

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் ஷார்ஜாவில் எனக்கு இரண்டு கடையும் ஒரு குடோனும் இருக்கின்றன. பட்டம் வாங்கியவர்கள் மூன்று பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். மூட்டை தூக்கி மேலே வந்தவன் நான். எது சரக்கு, எது வெறும் வாய்ப்பேச்சு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் இது என் கதை அல்ல, உம்மு ஹானியின் கதை. ஊரே அவளை லாத்தா என்று கூப்பிடும், அக்கா என்று அர்த்தம். எனக்குக் கூடப்பிறக்காத தங்கை. அதனால் அவள், இவள் என்றுதான் எழுதுவேன்.

கீழக்கரையிலிருந்து கல்யாணமான கையோடு வந்தவள். அப்போது ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் கீழே என் பலசரக்குக் கடை. இரண்டாவது மாடியில் ஒற்றை அறையில் அவளும் புருஷன் ஹசன் அலியும். ஹசன் அலி துணிக்கடையில் சேல்ஸ்மேன், வாய் செத்த மனிதன். இவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு அண்டை அயலாருக்குச் சல்வார் தைத்துக் கொடுத்தாள். அந்தக் கட்டடத்தில் குடும்பத்தோடு இருந்தது மூன்றே வீடுகள். மற்றதெல்லாம் பேச்சிலர் ரூம். ரூமுக்கு எட்டுப் பேர், பத்துப் பேர்.

என் கடையில் அரிசி மூட்டை நிறுக்கிற பெரிய தராசு ஒன்று உண்டு. லீவுக்கு ஊர் போகிறவன் எல்லாரும் பெட்டியை அதில்தான் நிறுப்பான். காசு வாங்க மாட்டேன். ரோலாவில் அப்படி இலவசமாக நிறுக்கவிட்ட கடை என்னுடையது ஒன்றுதான், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பெட்டி எப்போதும் அளவுக்கு மேல்தான் இருக்கும். விமான நிலையத்தில் போய் எடையில் மாட்டிக்கொண்டு மானம் போகாமல் இருக்க, என் கடையிலேயே பெட்டியைப் பிரித்து எதையாவது எடுக்க வேண்டும்.

எதை எடுப்பது? தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின துணியை எடுக்க முடியாது. மாமியார் கேட்ட தைலத்தை எடுக்க முடியாது. மச்சான் கேட்ட டார்ச் லைட்டை எடுத்துவிட்டு ஊரில் போய் இறங்கினால் அந்த லீவு முழுக்க முகம் தூக்கல்தான். கடைசியில் பிள்ளைக்கு வாங்கின பொம்மையில் கை போகும். பிள்ளைதானே, கேள்வி கேட்காது. முதலில் பொம்மையின் அட்டைப் பெட்டியைக் கிழித்து எறிவார்கள், அந்தக் கனமாவது குறையட்டும் என்று. அப்படியும் முள் இறங்காவிட்டால் பொம்மையே வெளியே வரும். அந்தக் காலத்து ஜப்பான் பொம்மை எல்லாம் தகரம். நல்ல கனம்.

வெளியே வந்த பொம்மையைப் பேச்சிலர் ரூமில் வைத்தால் காணாமல் போகும். அதனால் மாடிக்குப் போய்விடும். "லாத்தா, இதை வச்சிருங்க. அடுத்த லீவுக்கு எடுத்துக்கிறேன்." அவளும் வாங்கி வைப்பாள். அடுத்த லீவு வருவதற்குள் பிள்ளை வளர்ந்து சைக்கிள் கேட்கும். பொம்மை அவளிடமே கிடக்கும்.

இப்படிச் சேர்ந்தது ஒரு அலமாரி நிறைய. கார், ரயில், மத்தளம் அடிக்கிற குரங்கு, விமானம். உம்மு ஹானி என்ன செய்தாள் தெரியுமா? தையலில் மிஞ்சின துண்டுத் துணியில் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பை தைத்தாள். பையின் மேல் ஊசி நூலால் கொடுத்தவர் பெயரைப் போட்டாள். அது அமானிதம், இன்னொருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அவளுக்கு அதில் விளையாட்டுக் கிடையாது.

விளையாட்டுக் கிடையாது என்றால் நிஜமாகவே கிடையாது. அவளுக்கு உஸைர் என்று ஒரே மகன். வீட்டில் அலமாரி நிறையப் பொம்மை, அவன் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது. என் கடைக்கு வந்து காலி தீப்பெட்டி வாங்கிப்போய் ரயில் விடுவான். "அது உன்னோடது இல்ல வாப்பா, இன்னொரு பிள்ளையோடது" என்பாள். அந்த இன்னொரு பிள்ளைகள் ஊரில் மீசை முளைத்துத் திரிந்தார்கள். ரோலா கட்டடத்தை இடித்தபோது முவைலாவில் என் புதுக் கடைக்கு மேலேயே அவளுக்கு மாடி வீடு பார்த்துக் கொடுத்தவன் நான். கட்டிலை விற்றுவிட்டாள். பொம்மைகளைக் கொண்டுவந்தாள்.

ஹசன் அலி இறந்தான். உஸைர் படித்து வேலைக்குப் போனான், அவன் விசாவில் இவள் இருந்தாள். போன வருஷம் உஸைரின் கம்பெனியை மூடினார்கள். வேறு வேலை அமையவில்லை. விசா கேன்சல், குடும்பத்தோடு ஊருக்குத் திரும்ப வேண்டும், இனி வருவதற்கில்லை.

எங்கள் கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்போம். அன்றைக்கு அவள் என் கடைக்கு வந்து சொன்னது இதுதான்: "காக்கா, அடுத்தவன் பொருள் ஒண்ணுகூட என் கையில இல்லாம நான் விமானம் ஏறணும்."

நானும் நல்ல காரியம் என்றேன். பைகளை எல்லாம் விரித்து, பொம்மைகளைப் பக்கத்தில் வைத்து, எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டாள். அவரவர் பொருளை அவரவர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பேசியும் அனுப்பினாள். ஊரே சிரித்தது. குப்பையில் போடுங்கள் லாத்தா என்றார்கள். ஹபீப் முகம்மது என்று ஒருவன், இன்று துபாய் தேரா பக்கம் பெரிய ஆள், ரோலாவில் என் கடையில் கடன் சொல்லி ரொட்டி தின்றவன், "ஹலாலாக்கிட்டேன் லாத்தா, பேரப்பிள்ளைக்குக் கொடுங்க" என்று பெருந்தன்மையாகக் குரல் அனுப்பினான். ஹலாலாக்குவது என்றால் இனி எனக்கு அதில் உரிமை இல்லை, மனமார விட்டுவிட்டேன் என்று பொருள். அவளுக்கு அது போதவில்லை. நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

வந்தான் ஒருவன். ஆனால் பொருளுக்குரியவன் அல்ல. பாலமுரளி என்று பெயர், கோயம்புத்தூர்க்காரன், துபாயில் ஏதோ பேங்கில் வேலை. போட்டோ எந்தக் குழு வழியாகவோ சுற்றி அவனிடம் போயிருக்கிறது. என் கடைக்கு வந்து வழி கேட்டான். நானே அழைத்துப் போனேன். உம்மு ஹானி வீட்டில் உட்கார்ந்ததும் பையிலிருந்து வெள்ளைக் கையுறை எடுத்து மாட்டினான். பிரசவம் பார்க்க வந்தவன் மாதிரி. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, "பாக்ஸ் இல்லையா ஆன்ட்டி? ஒண்ணுக்குக்கூட பாக்ஸ் இல்லையா?" என்று செத்த வீட்டில் கேட்கிற குரலில் கேட்டான். பொம்மையைவிடக் காலி அட்டைக்கு விலை அதிகமாம். அப்புறம் ஒரு தகர ரோபோவைக் கையில் எடுத்தான். நடக்கும், நெஞ்சு திறந்து விளக்கு எரியும். அதற்கு அவன் சொன்ன விலையில் நல்ல நிலையில் ஒரு பழைய கார் வாங்கலாம்.

அவன் ஏதோ கேலி செய்கிறான் என்று நினைத்தேன். இல்லை. கீழே வந்து டீ குடிக்கும்போது எனக்கு விளக்கம் சொன்னான். இது முதலீடு அங்கிள், தங்கம் மாதிரி, போன வருஷம் வாங்கினது இந்த வருஷம் மூன்று மடங்கு என்றான். வாங்கி என்ன செய்வாய் என்று கேட்டேன். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, தரத்துக்கு மார்க் போட்டு சீல் வைப்பார்களாம். சாவி கொடுத்துப் பார்ப்பாயா என்றேன். ஐயோ, சாவி கொடுத்தால் மதிப்புப் போய்விடும் என்றான். வீட்டில் பிள்ளை இருக்கிறதா என்றேன். இருக்கிறதாம். அது இருக்கிற அறையில் இதை வைப்பதில்லையாம்.

நானும் வியாபாரிதான். ஐம்பது வருஷ வியாபாரி. வெங்காயம் விலை ஏறினால் நாசிக்கில் மழை என்று காரணம் காட்டுவேன். வாங்கினவன் நறுக்கிக் குழம்பு வைப்பான், பொருள் தீரும், மறுபடி வருவான். அதுதான் வியாபாரம். இவன்கள் சரக்குக்கு எங்கே மழை பெய்தது? ஒருவனும் விளையாடவில்லை, ஒருவனும் ஆசையாகப் பார்க்கவில்லை. இவன் அவன் தலையில் கட்டுகிறான், அவன் அடுத்தவன் தலையில் கட்டுகிறான். கடைசித் தலை எவனுடையது என்று தெரியும்வரை எல்லாரும் கெட்டிக்காரர்கள். படித்த திருட்டு இது. இப்படி விலை சொன்னால் என் கடையை நகராட்சிக்காரன் மூடிவிடுவான். இவன் மாதிரி முதலீட்டுக்காரர்களுக்கு மட்டும் மாநாடு போட்டு மேடை கொடுக்கிறார்கள்.

விலை வெளியே தெரிந்தது. அப்புறம் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. குப்பையில் போடச் சொன்னவர்கள் அத்தனை பேருக்கும் பொம்மை ஞாபகம் வந்துவிட்டது. ஊரில் இருந்தவன் ஷார்ஜாவில் இருக்கிற மருமகனை அனுப்பினான். குவைத்தில் ஃபர்வானியாவில் இருந்தவன் தம்பியை அனுப்பினான். மனமார விட்டுவிட்ட ஹபீப் முகம்மது தன் வண்டியில் தானே வந்தான். அவன் பெயர் போட்ட பையில் இருந்தது மத்தளக் குரங்கு. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான்.

"என்னோடது ரோபோ லாத்தா. பை மாறியிருக்கும்."

"பை மாறாது தம்பி. வாங்கின அன்னைக்கே தச்சது."

"முப்பது வருஷத்துல எது மாறலைங்கிறீங்க? நீங்க வேணும்னு செஞ்சீங்கன்னு சொல்லல."

வேண்டுமென்று செய்ததாகத்தான் சொன்னான். நான் அங்கேதான் இருந்தேன். குரங்குக்கு ரொம்பப் பொருத்தமான ஆள்தான் வந்திருக்கிறான், எடுத்துக்கொண்டு போ என்றேன். போய்விட்டான். வந்த எல்லாரும் அப்படித்தான். ஒருவனும் ஒரு வாய் டீ குடிக்கவில்லை, நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. கீழே என் கடை வாசலில் வண்டியை நிறுத்தி பாலமுரளி காத்திருந்தான். மாடியில் வாங்கினதைப் படி இறங்கி அவனிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஒரு ஆள் துணிப்பையை என் குப்பைத் தொட்டியிலேயே போட்டான். அவள் ஊசி நூலால் போட்ட பெயரோடு.

கடைசியில் மிஞ்சினது அந்த ரோபோ மட்டும். பையில் பொன்னுச்சாமி என்று இருந்தது.

பொன்னுச்சாமி எங்கள் ஊர்க்காரன் அல்ல. முதுகுளத்தூர் பக்கம். சைட்டில் சென்ட்ரிங் வேலை, கேம்ப்பில் தங்கல். வெள்ளிக்கிழமை என் கடைக்கு வருவான். அவனை மாடிக்கு அனுப்பினவனே நான்தான். எந்தக் குழுவிலும் அவன் இல்லை, அதனால் செய்தியே போகவில்லை. உஸைருக்கு அது வசதியாகத் தோன்றியது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். வேலை இல்லை, இரண்டு பிள்ளைகள், ஊரில் போய் என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தான். அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தான். ஆளைக் காணோம் என்றால் நாம் என்ன செய்ய முடியும், விற்று ஒரு பங்கைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடலாம் என்றான். அவள் மசியவில்லை. அப்போது அவன் சொன்னது எனக்கே சுருக்கென்றது.

"சின்ன வயசுல விளையாட விடல. இப்ப விக்கவும் விடல. அவங்க பிள்ளைங்களுக்கு வச்சிருந்தீங்க, எனக்கு என்னாம்மா வச்சிருந்தீங்க?"

அவள் அழுதாள். ஆனால் பையைக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "காக்கா, அவரைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க" என்றாள்.

எனக்கு ஆள் பழக்கத்துக்குக் குறைவா? அஜ்மானில் லாரி ஓட்டுகிற முதுகுளத்தூர்ப் பையன் ஒருவனைப் பிடித்தேன். அவன் மாமாவைப் பிடித்தான். ஒரு வாரத்தில் பொன்னுச்சாமியின் நம்பர் என் கையில். கடையிலிருந்தே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். உம்மு ஹானியும் உஸைரும் பக்கத்தில் நின்றார்கள். பொன்னுச்சாமி எங்களை மறக்கவில்லை. பாய், யக்கா என்று அவ்வளவு சந்தோஷம். பொம்மை என்றதும் சிரித்தான். "அதையா இன்னும் வச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்கக்கா. நீங்க நல்லா இருங்க."

உஸைர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நானும் கலாஸ், முடிந்தது என்று போனை வைத்தேன். அவன் வாயாலேயே கொடுத்துவிட்டான், இனி அது உன்னுடையது, விற்று மகனுக்கு ஒரு கடை வைத்துக் கொடு என்றேன். சாட்சிக்கு நான் இருக்கிறேன் என்றேன்.

"அவருக்கு விலை தெரியாது காக்கா. தெரியாம விட்டது எப்படி விட்டதாகும்?"

நான் கத்தினேன். உஸைர் கும்பிட்டான். அவள் என் போனை எடுத்து, தானே அமுக்கி, பொன்னுச்சாமியிடம் விலையைச் சொன்னாள். ஒரு கார் வாங்குகிற காசு என்றாள். "ஏன்க்கா விளையாடுறீங்க" என்றான். இல்லை என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.

மறுநாள் அவள் கடையில் இருந்தபோதே என் போனுக்கு அழைப்பு வந்தது, ஸ்பீக்கரில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். பேசினது பொன்னுச்சாமி இல்லை, அவன் மகன் வாசு. யாருக்காக அந்த ரோபோவை வாங்கினானோ அந்த மகன். வணக்கம் சொல்லவில்லை. நெட்டில் எல்லாம் பார்த்துவிட்டேன் என்று ஆரம்பித்தான். பெட்டியோடு இருந்தால் மூன்று மடங்கு விலை, அந்தப் பெட்டி எங்கே என்று கேட்டான். பெட்டியைத் தனியாக விற்றுவிட்டு மீதிக்கு நல்லவர் வேஷம் போடுகிறீர்களா என்றான். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள், விடவில்லை. "முப்பது வருஷம் அடுத்தவங்க சாமானை அமுக்கி வச்சிருந்தவங்கதானே நீங்க."

போனைப் பிடுங்கினேன்.

"டேய், பெட்டியைக் கிழிச்சது உங்கப்பன்டா. என் தராசுக்கு முன்னால நின்னு கிழிச்சான். அந்த அட்டையை மடிச்சுத் தராசுக் காலுக்கு முட்டுக் கொடுத்தவன் நான். உனக்குப் பெட்டி வேணும்னா ரோலாவுல இடிச்ச கட்டடத்துக்குள்ள போய்த் தோண்டு."

இன்னும் சொன்னேன். அச்சில் வராது. உம்மு ஹானி சுவரைப் பார்த்து நின்றாள். அவள் அப்போதாவது மனம் மாறுவாள், அந்த ரோபோவை உஸைர் கையில் கொடுத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் கொடுத்திருப்பேன். அவள் போனைத் திருப்பி வாங்கி, "தம்பி, அப்பா கையில நேர்ல கொண்டாந்து கொடுப்பேன்" என்று மட்டும் சொன்னாள். விற்றுப் பணமாக அனுப்பச் சொல்லி அவன் அடம் பிடித்தான். பொருளாக வாங்கினேன், பொருளாகத்தான் கொடுப்பேன் என்றாள்.

அவர்கள் ஊர் போன அடுத்த மாதமே நானும் லீவில் போனேன். நான் போனதே வாசுவை நேரில் பார்த்து நாலு கேட்கத்தான், மறைப்பானேன். கீழக்கரையில் என் வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு அவளைப் பொன்னுச்சாமி ஊருக்குக் கூட்டிப் போனேன். உஸைர் வரமாட்டேன் என்றுவிட்டான். மடியில் பையை வைத்துக்கொண்டு வந்தாள். ஊர் நெருங்கும்போது, "காக்கா, அங்க நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்றாள். என்னிடம் அப்படிப் பேச என் பெண்டாட்டிக்கே தைரியம் கிடையாது.

வாசலில் ஒரு புது மோட்டார் சைக்கிள் நின்றது. உள்ளே மதுரையிலிருந்து வந்த ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் கையிலும் வெள்ளைக் கையுறை. பாலமுரளி அனுப்பின ஆள் என்று பிறகு தெரிந்தது. பொன்னுச்சாமி சுவரோரம் கட்டிலில் இருந்தான். இடுப்பு ஒடிந்து நடமாட்டம் குறைந்துபோன ஆள், எங்களைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். உம்மு ஹானி வாசுவைத் தாண்டிப் போய் அவன் மடியில் பையை வைத்தாள். அவன் அவிழ்த்து ரோபோவை வெளியே எடுத்து, நெஞ்சுக் கதவை விரலால் தடவினான்.

"யக்கா, பையன் ஏதோ பேசிட்டானாம்…"

"அதை விடுங்கண்ணே. உங்க பொருள் உங்க கைக்கு வந்துருச்சா? வாயால சொல்லுங்க."

"வந்துருச்சுக்கா. வாங்கிக்கிட்டேன்."

"கிழிஞ்ச பெட்டிக்கும் சேர்த்துச் சொல்லுங்க."

பொன்னுச்சாமி மகனைப் பார்த்தான். "அதை நான்தானே கிழிச்சேன்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. மகன் அதைக் காதில் வாங்கவே இல்லை. அப்பன் மடியிலிருந்து ரோபோவை எடுத்து மதுரைக்காரனிடம் நீட்டிவிட்டான். எனக்கு அவர்கள் டீ போட்டுக் கொண்டுவந்தார்கள். நான் குடிக்கவில்லை. பெட்டி இல்லை, கீறல் இருக்கிறது, ஒரு கை ஆடுகிறது என்று மதுரைக்காரன் சொல்லச் சொல்ல விலை இறங்கிக்கொண்டே போனது. வாசு பல்லைக் கடித்துக்கொண்டு சரி, சரி என்றான். அத்தனை பேச்சுப் பேசினவன் வாய் அங்கே செத்துவிட்டது.

திரும்பும் வழி முழுக்க நான்தான் பேசினேன். இந்த ஊரில், அந்த நாட்டில், எவனுக்கும் நன்றி இல்லை என்றேன். வாசுவிடம் வாங்கினதை அங்கே பாலமுரளி எத்தனை மடங்குக்கு விற்பான் தெரியுமா என்றேன். உன் மகனுக்கு ஒரு கடை வந்திருக்கும், தெரியுமா என்றேன். விலையைச் சொல்லிச் சொல்லிக் காட்டினேன்.

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"நான் வச்சிருந்தது பொருளை, காக்கா. விலையை இல்ல. அதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

என் கோபம் அப்படியே இருந்தது. கீழக்கரை வந்ததும் அவள் இறங்கி, நேரே வீட்டுக்குப் போய், உஸைரைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.